நாடா அவிழ்ப்பவர்

அவள் அப்படிச் சொன்னதில் தவறேதும் இல்லை என்று இன்னாசிமுத்து மறுபடியும் தமக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே, பாதையோரத்துக் கொய்யாவின் தாழ்ந்த கிளையில் கட்டியிருந்த ஆரஞ்சு நிறத் துணி நாடாவின் முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்து, தோளில் தொங்கிய பைக்குள் போட்டார். முதுகுக்குப் பின்னால் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே வருவது யாருக்குத்தான் பிடிக்கும். அதிலும் பெண். அதிலும் காடு. அவர்தாம் யோசித்திருக்கவேண்டும். யோசிக்காமல், முதல் ஏற்றத்திலிருந்தே அவளுக்கு ஒரு கம்பு தூரத்தில் ஒட்டிக்கொண்டு நடந்து, இந்தப் படிக்கல் நாங்கள் பதித்தது, அதோ அந்த வளைவில் போன மழைக்கு மண் சரிந்தது, இது காட்டுமாடு உடம்பு தேய்த்த மரம் என்று அவள் கேளாத சேதிகளையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவளும் ம், ம் என்று கேட்டுக்கொண்டுதான் வந்தாள். உமையாள் என்று பெயர் சொன்னாள், காரைக்குடிப் பக்கம் பிறந்து கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள், நாற்பது தாண்டியிருக்கும், ஒரு முழங்காலில் பட்டை சுற்றி, பழனிக் கடைவீதியில் வாங்கிய பூண் போட்ட மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு, ஓட வந்தவர்கள் எல்லாருக்கும் கடைசியாக, அதைப்பற்றி வெட்கமே இல்லாமல் நடந்தாள். இரண்டாவது தண்ணீர்ப் பந்தலைக் கடந்து, உண்ணிச்செடி இருபுறமும் அடர்ந்த இடத்துக்கு வந்ததும் நின்று திரும்பினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலடியைப் பார்த்தாள். “ஐயா, நீங்க கொஞ்சம் பின்னாடி தங்கி வாங்களேன்,” என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பள்ளத்தாக்கு தெரியும் பாறையொன்றில், பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

குதிரைப்பாதை ஓட்டம் என்று இதற்குப் பெயர். மலையடிவாரத்து வாழையாற்றுப்பட்டியிலிருந்து மேலே கொம்பைமேட்டு மாதாகோயில் மைதானம் வரை, தார்ச்சாலை வருவதற்கு முன் பொதிக்குதிரைகள் ஏறிய பழைய பாதையில், வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து ஓடுகிறார்கள். அவர்கள் கட்டும் தொகையில், மழை அரித்துக்கொண்டு போன கற்களை மீண்டும் பதித்து, தண்ணீர் பாதைவழியே ஓடாமல் விலகிப் போகக் குறுக்கே வடிகால் வெட்டி, உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கி, பாதை பாதையாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது ஊர்க்குழு. ஓடுகிறவர்கள் வழி தவறாமலிருக்க மரத்துக்கு மரம் துணி நாடா. பாதை பிரியுமிடத்தில் தரையில் அரிசிமாவால் அம்பு. எல்லாருக்கும் கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் ஒருவர் நடந்து, நாடாக்களை அவிழ்த்து, அம்புகளை அழித்து, காட்டை இருந்தபடியே காட்டிடம் கொடுத்துவிட்டு வரவேண்டும். அவிழ்க்காமல் விட்டால் காட்டுமாடு தின்னும். வனத்துறை அடுத்த வருஷம் அனுமதி தராது. அந்த ஒருவர் இன்னாசிமுத்து. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி ஆள் ஏறிவிட்டாரா என்று பார்த்து ரைட் கொடுப்பதே உத்தியோகமாக இருந்த உங்களைவிட இதற்குப் பொருத்தமான ஆள் யாரண்ணே என்று, குழுவை நடத்தும் நவநீதன் முதல் வருஷம் கூப்பிட்டுக் கொடுத்த வேலை. அதே நவநீதன் இன்று காலையில், நாடாப் பையை அவர் தோளில் மாட்டும்போது, “அடுத்த வருஷம் நீங்க மேல உக்காந்து பழம் குடுங்கண்ணே, நடந்தது போதும்,” என்றான். அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்புதான் அவரைக் காலையிலிருந்து அறுத்துக்கொண்டிருந்தது. பழக்கூடைக்குப் பக்கத்தில் நாற்காலி. வருகிறவர்கள் பழத்தை வாங்குவார்கள், தேங்க்ஸ் என்பார்கள், போவார்கள். பழம் கொடுக்கிறவனோடு மலை ஏறி யார் நடக்கப்போகிறார்கள்.

பாறையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கீழே பள்ளத்தாக்கில் வெள்ளை மஞ்சு, பால் பொங்கும்போது விளிம்பைத் தொட்டுத் தயங்குவதுபோல், மலையின் மடிப்புகளைத் தொட்டுத் தயங்கிக்கொண்டிருந்தது. பால் என்று நினைத்ததும் அடுப்படி வந்தது. அடுப்படியில் மனைவி பிலோமி இல்லை. பிலோமி ஓசூரில் இருக்கிறாள். மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது ஒத்தாசைக்குப் போனவள். பிள்ளை நடக்கத் தொடங்கட்டும் என்றாள், நடந்தது. பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள், போகிறது. இப்போது இரண்டாவது பிள்ளை. நீங்களும் வந்துருங்களேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். போனார். பத்தாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரில் இன்னொரு ஜன்னல். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் மருமகன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, என்ன மாமா வேணும் என்று மரியாதையாகக் கேட்பார். அந்த மரியாதைக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அலுத்து, மழை வரப்போகிறது, பாதை வேலை இருக்கிறது என்று பொய்யும் மெய்யுமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பிலோமி பேருந்து நிலையம் வரைக்கும்கூட வரவில்லை, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் அதைப்பற்றியாவது இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். இப்போதெல்லாம் கடைக்குப் போகுமுன் வாசலில் நின்று ஒருமுறை கனைத்துக்கொள்கிறார், உள்ளே போய் முதல் சொல் சொல்லும்போது குரல் துருப்பிடித்த கதவுபோல் கிறீச்சிட்டுவிடக்கூடாதே என்று. பேருந்தில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் சொல் பேசிய தொண்டை. உள்ளே போங்க, படியில நிக்காதீங்க, சில்லறை வெச்சுக்கங்க. அந்தச் சொற்களெல்லாம் பேச்சு என்று அப்போது தோன்றவில்லை. போன வருஷம் கடைசியாக வந்தவர் கரூர்க்காரர், படுக்கைவிரிப்பு வியாபாரி, கனத்த உடம்பு, மலை முடியும்வரை ஓயாமல் பேசினார். மாமியாரைப்பற்றி, மாட்டைப்பற்றி, தறியைப்பற்றி. மேலே போனதும் கைகுலுக்கி எண்ணை வாங்கிக்கொண்டு, கட்டாயம் கூப்பிடறேங்க என்றார். கட்டாயம் என்ற சொல்லைக் கொஞ்ச நாள் நம்பிக் கைப்பேசியை அணையாமல் பார்த்துக்கொண்டார் இன்னாசிமுத்து. பிறகு அதை நினைத்துத் தாமே சிரித்தார். ஆனாலும் இந்த வருஷத்துக்கென்று பேச்சைச் சேர்த்துத்தான் வைத்திருந்தார். இதைச் சொல்லலாம், அதைச் சொல்லலாம் என்று நேற்று சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போதுகூட வாய்விட்டு ஒத்திகை பார்த்தார்.

எழுந்தார். தங்கி வரச் சொன்னாளே, தங்கியாயிற்று; இந்நேரம் நல்ல தூரம் போயிருப்பாள். நடக்கும் வேகத்தில் ரோஷம் கலந்திருந்தது. மெதுவாகப் போகவேண்டும் என்று நினைக்க நினைக்கக் கால் விரைந்தது. உண்ணிச்செடிப் புதர்களைக் கடந்தார். நாடா, நாடா, மறுபடியும் நாடா. அவள் இருந்தால் இந்த இடத்தில் கல்லைப் பற்றிச் சொல்லியிருப்பார், நான்கு பேர் கடப்பாரையால் நெம்பியும் அசையாமல், கடைசியில் மழையே வந்து உருட்டிப் பொருத்திவிட்டுப் போன கல்லைப் பற்றி. சொன்னால் ம் என்றிருப்பாள். பாதை பிரியுமிடம் வந்தது. வலப்பக்கம் மேலேறுவது இப்போதைய வழி. இடப்பக்கம் இறங்குவது பழைய வழி. கைவிடப்பட்ட கமலா ஆரஞ்சுத் தோட்டத்துக்குள் நுழைந்து, காட்டுமாடுகள் படுக்கும் சரிவைச் சுற்றிக்கொண்டு, மண்சரிவில் அறுந்துபோன விளிம்பில் போய்ச் சட்டென்று நிற்கும். அதற்கப்பால் வெறும் காற்று. புதியவன் பார்த்தால் இடப்பக்கத்து வழியே அகலமாய், நல்ல வழியாய்த் தோன்றும். அதனால் அங்கே குழு முள்வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. விறகுக்கு வந்தவர்கள் யாரோ அந்த முள்ளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதனால்தான் இந்த வருஷம் வலப்பக்கத்து மரத்தில் கொத்தாக நாடா கட்டி, தரையில் ஆள்நீளத்துக்கு மாவு அம்பு போட்டிருந்தது. இன்னாசிமுத்து கொத்தை அவிழ்த்தார். அம்பில் எறும்பு மொய்த்திருந்தது. கொஞ்சம் தயங்கி, எறும்பு போனால் போகட்டும் என்று காலால் மண்ணைத் தள்ளி மூடி, மேலே சருகைப் பரப்பினார். ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்ட திருப்தி. பழைய பழக்கத்தில் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், படியில் யாரும் தொங்கவில்லையே என்பதுபோல. பாதை வெறிச்சோடிக் கிடந்தது. ரைட் என்றார், சத்தமாகவே. அந்தச் சொல் மரங்களுக்கிடையில் போய் எதிலும் மோதாமல் கரைந்தது.

அப்போதுதான் விசில் கேட்டது. பின்னாலிருந்து, கீழிருந்து, ஒரே ஊதல், நின்றுவிட்டது. இன்னாசிமுத்துவின் கழுத்து தானாகத் திரும்பியது. திரும்பிய கழுத்தை அவரே இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். குருவி. இந்தச் சோலையில் ஒரு கருநீலக் குருவி உண்டு. வேலையற்ற பையன் தெருமுனையில் நின்று சீட்டியடிப்பதுபோல் நீட்டியும் வளைத்தும் அடிக்கும். ஓட்டக்காரர்கள் எல்லாருக்கும் ஆபத்துக்கு ஊத ஒரு விசில் கொடுத்தனுப்புவதால் வரும் குழப்பம் இது. போன வருஷம் இதே இடத்துக்குச் சற்று மேலே விசில் கேட்டது என்று அவர்தாம் மேலே சேதி அனுப்பினார். பரிசளிப்பை நிறுத்திவிட்டு இளைஞர்கள் இறங்கி வந்தார்கள். காட்டைச் சல்லடையாகச் சலித்தார்கள். கடைசியில் பாறையிடுக்கில் உட்கார்ந்து அந்தக் குருவி அவர்கள் கண்முன்னாலேயே விசில் அடித்துக் காட்டியது. முப்பது வருஷம் விசிலை வாயில் வைத்திருந்த மனுஷனுக்குக் குருவிக்கும் விசிலுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரிக்க, அவரும் சேர்ந்து சிரிக்க, அன்றிலிருந்து குருவி கண்டக்டர். தேநீர்க் கடையில்கூட. குருவி கண்டக்டருக்கு ஒரு டீ. பெயரில் துவேஷம் இல்லை. ஆனால் பழக்கூடைப் பக்கம் நாற்காலி போட வேண்டும் என்று நவநீதனுக்குத் தோன்றியது அந்தச் சிரிப்பிலிருந்துதான் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு முறை அப்படி ஆகக்கூடாது. இன்னொரு முறை ஆனால், வருஷத்தில் இருக்கும் இந்த ஒரு நாளும் போய்விடும். மறுபடியும் ஊதல். இந்தத் தடவை அதற்குப் பதில்போல் இன்னொன்று, வேறு பக்கத்திலிருந்து. பார்த்தாயா, இரண்டு குருவி, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன. குருவிக்காவது பேச ஆள் இருக்கிறது என்று நினைத்து, அந்த நினைப்பின் கோணல் பிடிக்காமல் நடையை எட்டிப் போட்டார். நாடா. நாடா. முதல் ஊதலுக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஒரு வித்தியாசம் இருந்ததா. முதலாவது தட்டையாக, அடிவயிற்றிலிருந்து வந்ததுபோல் இருந்தது. குருவிக்கு ஏது அடிவயிறு. இல்லை, இருக்கும். எல்லாவற்றுக்கும் இருக்கும். திரும்பக்கூடாது. மஞ்சு இப்போது மேலேறி, முன்னாலிருந்த மரங்களின் தலையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது.

ஊற்றுத்தடத்துக்கு வந்தார். மலையிலிருந்து கசியும் தண்ணீர் பாதையைக் குறுக்கே நனைத்துச் சேறாக்கியிருக்கும் இடம். பக்கவாட்டில் பாறையும் பள்ளமும். சேற்றில் கால் வைக்காமல் யாரும் தாண்ட முடியாது. எத்தனையோ செருப்புத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதிபட்டுக் கிடந்தன. அவர் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. என்ன குறைகிறது. ஏதோ குறைகிறது. காலையிலிருந்து தம்மோடு கூடவே வந்த ஒன்று இங்கே இல்லை. குனிந்து பார்த்தார். குழி. உமையாளின் மூங்கில் கம்பு ஊன்றிய குழி. பூண் பதிந்து, நடுவில் ஒரு புள்ளியோடு, சின்னக் காசு அளவில். ஈர மண் வந்த இடங்களிலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார். தம் காலடிக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அது ஒரு அடையாளமாக, சொல்லப்போனால் ஒரு துணையாக இருந்தது. பாறையிலிருந்து எழுந்து வந்த வழியெல்லாம் கல்லும் சருகும். குழி தெரியாததை அவர் கவனிக்கவில்லை. இங்கே சேறு. சேற்றில் குழி இல்லை. ஒருவேளை கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டியிருப்பாளோ. பட்டை சுற்றிய முழங்காலோடு, வழுக்குகிற சேற்றில், கம்பைத் தூக்கிக்கொண்டா. தடங்களின் விளிம்புகளைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இறுகிப்போன விளிம்புகள். தண்ணீர் கட்டித் தெளிந்துவிட்ட தடங்கள். புதிதாக எவரும் இதை மிதிக்கவில்லை. அவள் முன்னால் போகவில்லை. போகவில்லை என்றால்.

அவர் காலடியைப் பார்த்தாளே, அந்தப் பார்வை. அது திரும்ப வந்து அவர்முன் நின்றது. முகத்தைப் பார்க்காத பார்வை. இடக்கையில் சின்னத் தண்ணீர்ப் புட்டி, பையிலிருந்து அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள், இருபுறமும் புதர். ஐயோ, அந்தப் பார்வை அவருக்குத் தெரியாததா. நெடுந்தூர வண்டியில் வேலை பார்த்த காலத்தில் எத்தனை முறை பார்த்திருப்பார். ஒரு பெண் இருக்கையிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து, அவர் பக்கத்தில் நிற்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். தரையைப் பார்ப்பாள், அல்லது அவர் பையைப் பார்ப்பாள். வண்டி இன்னும் எங்கண்ணே நிக்கும் என்று சம்பந்தமில்லாததுபோல் கேட்பாள். அவர் மேற்கொண்டு கேட்டதே இல்லை. ஒற்றை விசில், புதர் மறைவுள்ள இடமாகப் பார்த்து வண்டி ஓரங்கட்டும், டயரில் ஏதோ சத்தம் கேட்குது டிரைவரண்ணே, ஒரு நிமிஷம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கி, சும்மா ஒரு டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பார். அவள் ஏறி உட்கார்ந்த பிறகே ரைட். இதற்காக எவளும் நன்றி சொன்னதில்லை. சொல்லாமலிருப்பதற்காகவே செய்யப்பட்ட காரியம் அது. அதைக் கண்டுகொள்ளும் கண்ணை இன்று எப்படித் தொலைத்தார். உன்னோடு நடக்கப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னதாக எடுத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, பாறையில் உட்கார்ந்து, பிலோமியை, மருமகனை, கரூர்க்காரரை எல்லாரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தம்மை நினைத்துத் தாமே உருகிவிட்டு, எழுந்து, புதருக்குள் ஒருத்தி இருக்கும்போதே அந்தப் புதரைக் கடந்து, அவளுக்கு இருந்த வழியையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அம்பையும் மூடி, மேலே சருகையும் பரப்பி. ஆள் ஏறுமுன் ரைட் கொடுத்துவிட்டார்.

கைப்பேசியில் இங்கே சிக்னல் கோடு வராது. மேலே அடுத்த பந்தலுக்குப் போனால் நாலு பையன்கள் இருப்பார்கள். போய்ச் சொல்லி அழைத்துவர வெகுநேரம் ஆகும். அதற்குள் அவள் அகலமான வழியைத் தேர்ந்தெடுத்திருப்பாள். யாராயிருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவேளை எல்லாமே தப்புக் கணக்காக இருந்தால். அவள் மேலே போய்ப் பழம் தின்றுகொண்டிருந்தால். குருவி கண்டக்டர் இந்த வருஷமும் குருவியைத் தேடிப் போனார் என்று சிரித்தால். போகட்டும். அவர் திரும்பி இறங்கத் தொடங்கியிருந்தார். தீர்மானம் காலுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. இறங்கும்போதே பைக்குள் கையை விட்டு நாடாவை எடுத்து மரத்தில் கட்டினார். கட்டவேண்டும், தாம் அவளைத் தாண்டி எங்கேயாவது போய்விட்டாலும் வழி இருக்கவேண்டும். முடிச்சு விழவில்லை. அவிழ்க்கும்போது நகம் பட்டாலே நெகிழ்ந்த நாடா, கட்டும்போது வழுக்கியது. மூன்று வருஷமாக அவிழ்க்க மட்டுமே தெரிந்த கை. வேறு யாரோ முந்தின நாள் கட்டுவார்கள். யார் என்றுகூட அவர் கேட்டதில்லை. மரத்துக்கு ஒன்று, பாறை இடுக்கில் ஒன்று, பற்களால் இறுக்கியும் கட்டினார். துணியில் யார் யார் வியர்வையோ உப்புக் கரித்தது. மஞ்சு வந்து பாதையை மூடிற்று. சரிவில் காட்டுமாடு ஒன்று மூச்சை விட்டது, அல்லது காற்று. விசிலை எடுத்து ஊதினார்; மூன்று முறை. உடனே பதில் வந்தது, நீட்டியும் வளைத்தும், கேலிபோல. அது குருவி என்று இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. நிச்சயமாகத் தெரிந்ததில் ஒரு பயனும் இல்லை. பிறகு அறுந்துபோன விளிம்பு நினைவுக்கு வந்தது. அங்கே போன மழைக்குப் பிறகு குழுவோடு போய் எட்டிப் பார்த்திருக்கிறார். கமலா மரமொன்று வேர் மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பூண் போட்ட கம்பு மட்டும் அந்த விளிம்பில் கிடந்தால் என்று மனம் காட்டியது. வேண்டாம் என்று அவர் கண்ணை மூட, கால் தடுக்கி, தாமே பதித்த கல்லில் முழங்கையை இடித்துக்கொண்டார்.

பாதை பிரியுமிடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அம்பு இருந்த இடத்துக்குச் சரியாகப் பக்கத்தில், ஒரு கல்லின்மேல், கம்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, வண்டிக்குக் காத்திருப்பவள்போல. மஞ்சுக்குள்ளிருந்து அவர் வெளிப்பட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். பயத்தைவிட வியப்பே அதிகமாக இருந்தது.

“என்னய்யா, முன்னாடி இருந்து வர்றீங்க?”

அவருக்கு மூச்சு வாங்கியது. அவளே சொன்னாள், குரங்கு நாடாவையெல்லாம் பிய்த்துக்கொண்டு போய்விட்டதுபோல் இருக்கிறது என்று. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை, அந்தப் பக்கம்தான் நல்ல பாதையாகத் தெரிந்தது, கொஞ்சதூரம் போகலாமா என்றுகூட எழுந்தாள். “அப்புறம், பின்னாடி நீங்க வருவீங்கள்ல, எதுக்கு அவசரம்னு உக்காந்துட்டேன். விசில் ஊதினா நீங்களும் பதிலுக்கு ஊதுனீங்க. பிறகென்ன பயம்?”

பின்னால் நீங்கள் வருவீர்கள். அதை அவள் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பாதையின் ஒரு பகுதியைப்போல, பதித்த கல்லைப்போல அவரை எண்ணி, அவர் வருவார் என்பதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரமெல்லாம் அவர் அவளைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். கையில் ஒரு நாடா தொங்கியது. குரங்கு என்று அவளே ஒரு காரணத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைக்கிறாள். குருவியும் தன் பங்குக்கு அவருக்காக விசில் ஊதியிருக்கிறது. ஆமாம்மா என்று ஒரு சொல் சொன்னால் போதும். குரங்கும் குருவியுமாக எல்லாவற்றையும் சுமந்துகொள்ளும். அடுத்த வருஷமும் பை அவர் தோளில் இருக்கும்.

“முதல்ல பதிலுக்கு ஊதுனது நான் இல்லம்மா,” என்றார். “அது குருவி. நாடாவை அவுத்ததும் நான்தான். நீங்க முன்னால போயிட்டீங்கன்னு நெனச்சு, தாண்டிப் போயிட்டேன். அந்தப் பக்கம் போயிருந்தா வழி கிடையாது. அந்தரம்.”

அவள் இடப்பக்கத்து வழியை ஒருமுறை பார்த்தாள். நல்ல அகலமாய், நல்ல வழியாய் அது மஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. கம்பைப் பிடித்திருந்த அவள் கை இறுகியதை அவர் கண்டார். வசைக்காகக் காத்து நின்றார். “அப்ப இவ்வளவு நேரமா ஒரு குருவிகிட்டயா பேசிக்கிட்டிருந்தேன்,” என்றாள்.

“போன வருஷம் எங்கிட்டப் பேசுச்சு,” என்றார் இன்னாசிமுத்து.

அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நடுங்கி நின்றது. எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பின்னாடி தங்கி வரச் சொன்னது எதற்கென்றால் என்று தொடங்கினாள். தெரியும்மா என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். வலப்பக்கத்து ஏற்றத்தில் அவர் கட்டிவந்த நாடாக்கள் கோணல்மாணலாக, சில மிகத் தாழ்வாக, சில அவசியமே இல்லாத இடங்களில், மஞ்சுக்குள் வரிசையாகத் தெரிந்தன. அவள் கம்பை ஊன்றி முன்னால் நடந்தாள். சில அடி போய், திரும்பாமலே, இப்போது பின்னாலேயே வாருங்கள் என்றாள். “ஆனா பேசிக்கிட்டே வாங்க. இந்தப் புகையில ஒண்ணும் தெரியல. சத்தம் கேட்டாப் போதும்.”

அவர் கனைத்துக்கொண்டார். ஒரு வருஷம் சேர்த்து வைத்த பேச்சு. மழை உருட்டிய கல், காட்டுமாடு, நெடுந்தூர வண்டி. எல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டன. என்ன பேசுவது என்றார். எதையாவது என்றாள் அவள். “காலைல என்ன சாப்பிட்டீங்க, அதச் சொல்லுங்க.”

அதை யாரும் அவரிடம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று எண்ணிப் பார்க்கப் போன மனத்தை அவர் பிடித்து நிறுத்தினார். மேலே போனதும் நவநீதனிடம் நடந்ததைச் சொல்லவேண்டும், சொன்னால் பழக்கூடைதான். அவள் கோயம்புத்தூர் வண்டியில் ஏறிப் போவாள். தம் எண்ணைக் கேட்டாலும் கொடுக்கவேண்டியதில்லை. “உப்புமா,” என்றார். குரல் கிறீச்சிட்டது, மறுபடி கனைத்தார். “உப்புமாம்மா. ஒருத்தருக்குப் பண்ற அளவு இன்னும் கைக்கு வரல. எப்பப் போட்டாலும் ரெண்டு பேருக்கு வந்துருது.”

ம் என்றாள் அவள், மஞ்சுக்குள்ளிருந்து. அவர் பக்கத்து மரத்தில் தாம் கட்டிய நாடாவை அவிழ்த்துப் பையில் போட்டார். மிஞ்சியதைச் சாயங்காலம் சாப்பிடுவதைப் பற்றிச் சொன்னார்; ஓசூரில் பிலோமி முந்திரி போட்டுச் செய்வதைப் பற்றி. ம் என்றாள். அடுத்த நாடா. ஊற்றுத்தடத்தில் கம்பை நன்றாக ஊன்றுங்கள் என்றார். சேற்றில் புதிதாக ஒரு குழி, நடுவில் புள்ளியோடு விழுந்திருந்தது. மேலே வளைவு வந்தது. அவள் உருவம் வளைவில் திரும்பி மறைந்தது. அவர், மருமகன் தலையைத் தூக்கி என்ன மாமா வேணும் என்று கேட்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், சொல்லி முடித்தார், பதில் வரவில்லை. குருவி எங்கோ ஒருமுறை சீட்டியடித்து ஓய்ந்தது. முடிச்சின்மேல் விரலை வைத்தபடி இன்னாசிமுத்து அவிழ்க்காமல் நின்றார். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

“ம்,” என்றாள். “அப்புறம்?”

அவர் முடிச்சை நெகிழ்த்தினார்.